உப்பு வயது: ராமநாதபுரம் கரையில் பழைய பைக்கின் நியாய விலையைக் கணக்கிடுவது எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஷோரூமில் புது வண்டி விலை இறங்கியது. பழைய வண்டி விற்பவர்கள் பலரோ ‘நான் வாங்கியது இத்தனைக்கு’ என்ற பழைய கணக்கிலேயே நிற்கிறார்கள். வாங்க வருபவர் கைபேசியில் மதுரை விலையையும் சென்னை விலையையும் பார்த்துவிட்டு வருகிறார். ராமேசுவரத்திலோ கீழக்கரையிலோ நிற்கிற வண்டிக்கு இரண்டும் ஒத்துவராது. முதல் கணக்கில் வரி மாறியது சேரவில்லை, இரண்டாவதில் உப்பு சேரவில்லை.

வரி குறைந்தால் பழைய வண்டி ஏன் இறங்க வேண்டும்?

பழைய வண்டிக்கென்று தனி விலை கிடையாது. ‘இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாமே’ என்று வாங்குபவர் நினைக்கும் இடம்தான் அதன் உச்சவரம்பு. புது வண்டி விலை இறங்கினால் அந்த வரம்பும் கூடவே இறங்கும்.

எவ்வளவு இறங்கும் என்பது எளிய கணக்கு. வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்றால், முன்பு வரியோடு 128, இப்போது 118. குறைவு 7.8 விழுக்காடு. ஷோரூமில் இன்று 75,000 ரூபாய்க்கு நிற்கும் வண்டி பழைய வரியில் ஏறத்தாழ 81,350 ரூபாயாக இருந்திருக்கும். அதே மாடலில் பாதி மதிப்புக்கு வந்துவிட்ட பழைய வண்டியில் இந்த வித்தியாசம் மட்டும் 3,000 ரூபாய்க்கு மேல்.

350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கதை தலைகீழ். அவற்றின் வரி 40 விழுக்காடாக ஏறியதால், 450, 650 சி.சி. வண்டிகளைப் பழையதாக விற்பவர் விலையை ஏற்றிச் சொன்னால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. 350 ‘கிளாசிக்’, ‘புல்லட்’ வகைகளின் எஞ்சின் 350 சி.சி.க்குள் அடங்குவதால் அவை குறைந்த வரியிலேயே வருகின்றன. அவற்றை விற்பவருக்கு இந்த வாதம் செல்லாது.

ஒரு வண்டிக்கு மூன்று வயது

தரகர்கள் இரண்டு வயதைத்தான் சொல்வார்கள்: எந்த வருட மாடல், எத்தனை கிலோமீட்டர். கடற்கரையில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை உப்பு வயது என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி எந்தக் கரையில், எத்தனை காலம், எப்படி நின்றது, எதைச் சுமந்தது என்பதன் மொத்தக் கணக்கு அது. முதல் இரண்டும் ஆர்.சி.யிலும் (பதிவுச் சான்று) மீட்டரிலும் எழுதியிருக்கும். மூன்றாவதை வண்டியின் அடிப்பக்கத்தில் குனிந்துதான் படிக்க வேண்டும்.

மூன்றும் ஒத்துப்போகாத வண்டிகள் இந்த மாவட்டத்தில் நிறைய. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் வண்டிகள் வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நிற்கும். ‘ஐந்து வருடத்தில் எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று விளம்பரம் வரும். மீட்டர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் ஓடாமல் நின்ற வண்டியில் செயின் எண்ணெய் காய்ந்து, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி, டேங்க் உள்ளுக்குள் துருப்பிடித்து, டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். தினமும் ஓடி மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவப்பட்ட 40,000 கிலோமீட்டர் வண்டி, இப்படி நின்ற வண்டியைவிடப் பல நேரம் மேல்.

உப்பு வேலை செய்யும் விதம்

துரு பிடிக்க ஈரம் வேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை நெருங்கும்போது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே ஈரம் இழுக்கும். அதனால் கடல் உப்பு படிந்த இரும்பு, மழை இல்லாத நாளிலும் நனைந்த இரும்புதான். அதோடு உப்பில் உள்ள குளோரைடு, குரோம் பூச்சையும் அலுமினியத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தையும் புள்ளி புள்ளியாக ஓட்டை போடுகிறது. இரும்பில் இது செந்துருவாகத் தெரியும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். எஞ்சின் கேஸ், அலாய் வீல், முன் ஃபோர்க்கின் அடிக்குழாய் ஆகியவற்றில் வெண்மை பூத்திருந்தால் அது தூசி இல்லை.

இரண்டு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அலுமினிய எஞ்சினில் இறங்கியிருக்கும் இரும்பு போல்ட்டுகள் இப்படித்தான் இறுகிப்போகின்றன. கழற்றப் போனால் தலை முறியும். பத்து ரூபாய் போல்ட்டுக்கு நூற்றுக்கணக்கில் லேத் கூலி கொடுக்கும் நிலை வருவது இங்கேதான்.

எல்லாக் கரையும் ஒன்றல்ல. அலை உடையும் இடத்தில்தான் உப்புத் துளி காற்றில் ஏறும். கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே அது வெகுவாகக் குறைந்துவிடும். தென்கடல் பக்கம் இருக்கிற கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் ஆகியவற்றில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள் கடுமை. வடகடல் பக்கம் இருக்கிற தேவிபட்டினம், தொண்டி ஆகியவற்றில் வாடைக்காற்று மாதங்கள். பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல், ஆண்டு முழுக்கத் தப்பிக்க வழியில்லை. தனுஷ்கோடி சாலையில் தினமும் ஓடிய வண்டியில் உப்போடு மணலும் சேரும். காற்றில் பறக்கும் மணல் பெயின்டைத் தேய்த்து உப்புக்கு வழி விடும்.

காற்றைவிட மோசமானவை இரண்டு. ஒன்று மீன் தண்ணீர். ஐஸ் உருகி உப்பும் செதிலும் கலந்து பெட்டியிலிருந்து சொட்டுகிற நீர், பின் மட்கார்டு, ஷாக் அப்சர்பர், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், சைலன்சர், செயின் மேல் வருடக்கணக்கில் விழுகிறது. மற்றொன்று கழுவும் தண்ணீர். கரையோரத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பு. அந்த நீரை அழுத்தத்தோடு அடித்து வாட்டர் சர்வீஸ் செய்தால், காற்று போக முடியாத கப்ளர் (ஒயர் இணைப்பு), பேரிங், ஒயரிங் சந்துகளுக்குள்ளும் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாகும். ‘மாதாமாதம் வாட்டர் சர்வீஸ் பண்ணின வண்டி’ என்று பெருமையாகச் சொன்னால், எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும்.

குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள்

பகலில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். நனைந்த பெயின்ட் எல்லாமே பளபளக்கும். ஒரு டார்ச், ஒரு சின்ன காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய துணி போதும். சீட்டைக் கழற்ற விடாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

1. ஃபோர்க் பைப். முன் சக்கரத்துக்கு மேலே பளபளக்கும் குரோம் குழாயில் விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். நகம் எங்காவது தட்டினால் குரோம் குழிந்திருக்கிறது. அந்தக் குழி ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ஆயில் சீலைக் கிழிக்கும். ‘சீல் மாத்தினா சரியாயிடும்’ என்பார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகும். பைப்பையே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

2. ஸ்விங் ஆர்ம். உள்ளே வெற்றான குழாய் இது. வெளியே பெயின்ட் நன்றாக இருந்தும் உள்ளிருந்து துரு தின்னும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், தின்ற இடம் மொத்தென்று கேட்கும். வெல்டிங் ஓரங்களையும் ஷாக் அப்சர்பர் பொருந்தும் இடத்தையும் விடாதீர்கள்.

3. சீட்டுக்கு அடியில், பேட்டரித் தட்டு. மீன் சுமந்த வண்டி இங்கே மாட்டிக்கொள்ளும். பெட்டி கட்டின கயிற்றின் தேய்மானம் கிராப் ரெயிலிலும் பின் கேரியரிலும் இருக்கும். செதில் ஒன்றிரண்டு எங்காவது ஒட்டியிருக்கும். மூக்கும் ஒரு கருவிதான்.

4. சேஸின் கழுத்து. ஹேண்டில் பார் திரும்பும் இடத்துக்குக் கீழே உள்ள வெல்டிங்கில் பெயின்ட் உப்பி நின்றாலோ, அந்த இடம் மட்டும் புதிதாகக் கறுப்படித்திருந்தாலோ வண்டியை விட்டுவிடுங்கள். சேஸில் துருப்பிடித்த வெல்டிங்குக்கு விலைக் கழிவு என்று ஒன்று இல்லை.

5. டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் துரு. கார்புரேட்டர் வண்டியில் அது ஜெட்டை அடைக்கும். எஃப்.ஐ. (சென்சார் வழி பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால் செலவு பல மடங்கு. வெளியே காந்தத்தைத் துணியில் சுற்றி டேங்கின் மேல் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பிடி விட்டால் அங்கே பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

6. சைலன்சரின் அடிப்பக்கம். கைத்துணியால் பின்வாயை ஒரு நொடி மறைத்தால் ஓட்டையுள்ள இடத்தில் புகை கசியும். பி.எஸ். 6 புகைத்தர விதிக்கு உட்பட்ட வண்டியின் சைலன்சரில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சேர்ந்திருக்கும். பழைய வண்டி சைலன்சர் விலையை மனதில் வைத்துப் பேரம் பேசினால் ஏமாந்துபோவீர்கள்.

7. ஸ்போக்ஸ். ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் துருவேறி இறுகிவிட்டால் சக்கரக் கோணலை எடுக்க முடியாது, மொத்த செட்டையும் மாற்ற வேண்டிவரும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் இடவலமாக ஆடுகிறதா என்று பாருங்கள்.

8. கப்ளர்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னும் சீட்டுக்கு அடியிலும் இருக்கும் ஒயர் இணைப்புகளில் இரண்டையாவது பிரித்துப் பாருங்கள். செம்புப் பின்கள் பச்சை பூத்திருந்தால், இண்டிகேட்டர் ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. எஃப்.ஐ. வண்டியில் இதே பச்சை சென்சார் பின்னில் இருந்தால் வண்டி நடுவழியில் நிற்கும்.

9. டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 8,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் டயர் வண்டியைவிடப் புதிதாக இருந்தால், மீட்டரைப் பற்றிக் கேள்வி கேட்கலாம்.

வெள்ளம் இன்னொரு கவலை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவில் நின்ற வண்டி எஞ்சின் வரை மூழ்கினால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி நிறமாகும். ஆயில் மாற்றிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். ஆனால் ஹெட்லைட், மீட்டர் கண்ணாடிகளுக்குள் நீர்க்கோடும், ஏர் ஃபில்ட்டர் பெட்டியின் மூலையில் வண்டலும் தங்கியிருக்கும்.

எஞ்சின்

இதில் கடற்கரைக்கென்று தனி விதி இல்லை. சுருக்கமாகச் சொன்னால்: நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடலாம். கிளப்பியதும் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வேலை இருக்கிறது. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதால் வருவது. அது சின்ன வேலைதான். செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் பிடித்து இழுக்கும்போது பல்லின் பாதி தெரிந்தால் செட்டையே மாற்ற வேண்டும். நடு ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ‘டக்’கென்று நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிற்று. எஃப்.ஐ. வண்டியில் சாவி போட்டதும் எஞ்சின் விளக்கு எரிந்து, கிளப்பியதும் அணைய வேண்டும். சாவி போடும்போதே எரியவில்லை என்றால் பல்பையோ ஒயரையோ யாரோ துண்டித்திருக்கலாம்.

பி.எஸ். 4 வாங்கலாமா, பி.எஸ். 6 வாங்கலாமா?

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிவானவை பி.எஸ். 6. அதற்கு முந்தைய 100, 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டரில் ஓடுபவை. கடலுக்கு ஒட்டி நிற்கும் வீட்டுக்கு, நல்ல நிலையிலுள்ள கார்புரேட்டர் வண்டியே வசதி என்பது எங்கள் கருத்து. சென்சார் கிடையாது, உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்பிலேயே பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். எதிர்வாதமும் வலுவானது. பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று தயாராகாத பழைய கார்புரேட்டரின் ரப்பர்கள் இளகும், நிற்கும் வண்டியின் டேங்கில் துருவும் கூடும். தினமும் ஓட்டுபவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. மாதக்கணக்கில் நிறுத்துபவர் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த வகையில் 2018 மாடலுக்கும் 2019 மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு வருட வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அது நியாயமே. ஆனால் ஏ.பி.எஸ். சென்சார் சக்கரத்தை ஒட்டி உப்பில் நிற்கும் பொருள். விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைகிறதா என்று பாருங்கள்.

எப்போது, யாரிடம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலை நம்பிய ஊர்களில் பணம் புழங்காத நாட்கள் என்பதால் விற்பவர் கை தாழ்ந்திருக்கும். தீபாவளி நேரத்தில் புது வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும்போது டீலரிடம் பழைய வண்டிகள் சேரும். ஜனவரி பிறந்ததும் போன வருட வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். டிசம்பர் கடைசியில் வாங்குபவர் இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

நேரடி உரிமையாளரிடம் வாங்குவதே மேல். புரோக்கர் வழியாக வாங்கினால் கமிஷன் யார் கையிலிருந்து என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனி பிடித்துவந்த ‘சீசிங்’ வண்டி மலிவாகத் தெரியும். ஆனால் யார்டில் வெட்டவெளியில் எத்தனை மாதம் நின்றது என்பதும் விலையில் சேரும். மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளைக் காவல்துறை ஏலம் விடுவதற்கும் இதே பார்வை பொருந்தும். ஏலத்தொகையோடு ஜி.எஸ்.டி. தனி. வழக்கு முடியும்வரை உப்புக்காற்றில் நின்ற வண்டியை ஓட்டிப் பார்க்கவும் வாய்ப்பில்லை. வண்டி உங்களுக்கு விற்கப்பட்டதை உறுதிசெய்யும் ஏலச்சான்று கையில் வராமல் வண்டியை எடுத்துவரக் கூடாது. பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 32உடன் அதை இணைக்க வேண்டும்.

தாள்கள்: விலையில் ஏறுவதும் இறங்குவதும்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் பதிவு நாள், எரிபொருள் தரம், காப்பீட்டுக் கெடு, ஹெச்.பி. (வண்டி மேல் கடன்) உண்டா இல்லையா என்பவை வரும். எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியிலேயே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இங்கே சேஸ் எண் இருக்கும் இடமே துருவில் மறைந்திருக்கலாம். மண்ணெண்ணெய் தடவித் துடைத்தால் தெரியும். உப்புத்தாளால் தேய்த்த அடையாளமோ எழுத்து வரிசை கோணலோ இருந்தால் விலகிவிடுங்கள். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் வாகன என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) எடுக்கலாம்.

1. உரிமை மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு கை மாறிக் கை மாறி ஓடும் வண்டிகள் உண்டு. ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே விபத்துக்கும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் விற்பவருக்கும் இதில் அவசரம் இருக்க வேண்டும். அவசரப்படாத விற்பனையாளர், உண்மையான உரிமையாளராக இல்லாமல் போகலாம்.

2. உரிமையாளர் வெளிநாட்டில். அண்ணன் துபாயில், தம்பி விற்கிறார் என்றால், கையெழுத்தும் அடையாளச் சரிபார்ப்பும் எப்படி நடக்கும் என்று பணத்துக்கு முன் பேசுங்கள். ‘லீவுக்கு வரும்போது போட்டுத் தருவார்’ என்றால், அவர் வந்தபிறகே முழுப்பணம்.

3. கடன். ஹெச்.பி. இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். கடன் முடிந்தது என்ற வாய்ச்சொல் போதாது.

4. பதினைந்து வருடம். ஆர்.சி. பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. பசுமை வரி தனி. 14 வருட வண்டி மலிவாக வந்தால் இந்தச் செலவும், கடற்கரையில் துருவேறிய வண்டியை ஆய்வுக்குத் தேற்றும் செலவும் உங்கள் தலையில்.

5. வெளிமாநில எண். ராமநாதபுரத்தின் டி.என். 65 ஆனாலும் மதுரையின் டி.என். 58, 59, 64 ஆனாலும் தமிழ்நாட்டுக்குள் எண் மாறாது, ஆயுள்வரி மறுபடி கிடையாது. பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி, காரைக்கால் வண்டிகள் அப்படியல்ல. படிவம் 28இல் என்.ஓ.சி., இங்கே ஆயுள்வரி, புது எண் எல்லாம் சேர்ந்தால் மலிவு காணாமல் போய்விடும்.

6. காப்பீடு. 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புது பைக்குகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வரும். மீதிக் காலம் வண்டியோடு வரும் சொத்து. 75 முதல் 150 சி.சி. வரை, 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி ஓராண்டுக்கு 714 ரூபாய். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த ‘நோ கிளெய்ம்’ சலுகை உங்களுக்கு வராது.

விலைக் கணக்கு

நடுநிலையான ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது: காப்பீட்டு நிறுவனங்கள் வண்டிக்குப் போடும் மதிப்பான ஐ.டி.வி. அந்த மாடலின் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 கழிப்பார்கள். அதற்கு மேல் பேசித் தீர்ப்பது.

சந்தை விலை இதைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்பதற்கு நியாயமான காரணம் உண்டு. விற்பவர் 15 ஆண்டுக்கும் சேர்த்து ஆயுள்வரி கட்டியிருக்கிறார், மீதி ஆண்டுகளை நீங்கள் அனுபவிப்பீர்கள். ஐ.டி.வி.யில் அது சேரவில்லை. இரண்டையும் கூட்டினால் உப்பில்லாத, பழுதில்லாத வண்டியின் நியாய உச்சம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாவதில் ஓடும் ஒரு 100 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். பழுதுச் செலவுகள் கடைக்குக் கடை மாறும். உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. இன்றைய ஷோரூம் விலை 75,000. பாதி 37,500.

2. வாங்கும்போது விலை 70,000, அப்போதைய ஆயுள்வரி 8 விழுக்காடு, அதாவது 5,600. பதினைந்தில் 11 ஆண்டு மீதி: ஏறத்தாழ 4,100.

3. ஓராண்டு காப்பீடு மீதி: 700. மொத்தம் 42,300. பரமக்குடி, முதுகுளத்தூர் போன்ற, கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் நல்ல நிலையில் நின்ற வண்டிக்கு இதுவரை போகலாம்.

4. கடற்கரை வண்டியில் கண்டுபிடித்தவை: ஃபோர்க் பைப் 3,000, செயின் ஸ்பிராக்கெட் 1,400, பின் டயர் 2,200, பெயர் மாற்றச் செலவு 1,000. ஆக 7,600. மிச்சம் 34,700.

5. இனிமேல் வரப்போகும் உப்புச் செலவு. போல்ட் முறிவு, ஒயரிங் பச்சை, சைலன்சர் என்று இன்று கண்ணுக்குத் தெரியாதவை. நன்றாகப் பராமரித்த வண்டியில் 5 விழுக்காடு, மீன் சுமந்ததில் 15 வரை கழிப்பது நியாயம் என்பது எங்கள் மதிப்பீடு. நடுத்தரமாக 8 என்றால் 2,800 போக, சுமார் 32,000.

விற்பவர் 45,000 சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. பழைய வரியில் வாங்கிய விலையையும், மதுரைச் சந்தையையும், தன் வண்டி மேலுள்ள பாசத்தையும் கூட்டிச் சொல்கிறார். ‘கம்மி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் ஆயிரம் ரூபாய் இறங்குவார். ஃபோர்க் பைப்பில் நகத்தை இழுத்துக் காட்டி, ஸ்பேர்ஸ் கடைக்கு அவர் எதிரிலேயே போன் செய்து விலை கேட்டால் பேச்சு வேறு இடத்துக்குப் போகும்.

36,000க்குக் கீழே வரமாட்டேன் என்றால், பஸ் ஏறி பரமக்குடிக்குப் போய் 41,000க்கு உப்பு தொடாத வண்டியைப் பார்ப்பது லாபம். 36,000க்கு வாங்கி 7,600 செலவழித்தால் 43,600 ஆகிவிடுகிறது, உப்பும் உள்ளேயே இருக்கிறது. பரமக்குடி வண்டியும் நாளை உங்கள் வாசலில்தான் நிற்கப்போகிறது. கொண்டுவந்த வாரமே சீட்டைக் கழற்றி, கப்ளர்களில் கிரீஸ் தடவி, ஸ்விங் ஆர்முக்குள்ளும் சேஸ் அடியிலும் எண்ணெய் அடித்து, மாதம் இருமுறை குடிக்கிற தண்ணீர் ஒரு குடம் ஊற்றிக் கழுவுங்கள். மோட்டார் தண்ணீர் வேண்டாம்.